உனக்கு ஏன் இந்த வேண்டாத வேல?

சொந்தத்தில் யாருடைய கைத்தொலைபேசி செத்தாலும் அது என் மடியில்தான் வந்து விழும். செபராங் ஜெயாவில் எங்கள் தாமானோடு நின்றால் பரவாயில்லை. புக்கிட் மெர்தாஜாம் சித்தப்பா வீட்டு வைஃபை, பட்டர்வொர்த் அத்தையின் பிரிண்டர், ஒன்றுவிட்ட அண்ணன் மறந்துபோன மைசெஜாத்ரா கடவுச்சொல், எல்லாம் என் தலையில். "நீ கம்ப்யூட்டர் வேலதானம்மா பாக்கிற?" நான் எழுதுவது மின்சில்லுகளைச் சோதிக்கும் மென்பொருள். பிரிண்டரில் மாட்டிக்கொண்ட காகிதத்தைக் கடைப்பையன் என்னைவிட நன்றாக எடுப்பான். சொன்னால் நம்புவார்களா? சரி, பார்த்துக் கொடுக்கிறேன், அதில் எனக்குக் குறையில்லை. எனக்குத் தெரியாததெல்லாம் தெரியும் என்று நம்புகிற இதே ஜனம், நானாக ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேள்வி கேட்டால் மட்டும் "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேல?" என்று வாயை அடைக்கிறதே, அதுதான் தாங்கவில்லை.

அம்மாவுக்கு இனிப்புநீர். நம்மவர் வீடுகளில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. 2019இல் மலேசியா முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. 2023 ஆய்வில் அது 15.6ஆக இறங்கியது. இனவாரியாகப் பிரித்துப் பார்த்தால் இந்தியர்களாகிய நாம்தான் முதலிடம். வேறு எதில் முதலிடம் வந்தோமோ தெரியாது, இதில் விட்டுக்கொடுப்பதில்லை. வழக்கமான பரிசோதனைக்கு அம்மாவை அழைத்துப் போனேன். எந்தக் கிளினிக் என்பது வேண்டாம். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிப் பதிவுக் கட்டணத்தில் வைத்தியம் பார்க்கிற நாடு இது. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அம்மாவின் எச்பிஏ1சி அளவு ஏறியிருந்தது. மருந்தைக் கூட்டிவிட்டார்கள்.

எனக்கு அந்தப் பரிசோதனையின் மேல் வெகுநாளாக ஒரு காதல். ரத்தத்தில் ஓடும் சர்க்கரை சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி கிடைத்துவிடும். முதல்நாள் பட்டினி கிடந்து கிளினிக்கை ஏமாற்ற முடியாது. தீபாவளிக்குத் தின்ற அதிரசம் வரைக்கும் உடம்பே கணக்கு எழுதி வைத்திருக்கும்! இவ்வளவு தெரிந்தபின் அடுத்த கேள்வி வராமல் இருக்குமா? அம்மாவுக்கு ரத்தசோகையும் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட அதிக நாள் சுற்றிக்கொண்டிருக்கும், அப்போது இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதைத்தான் கேட்டேன், பணிவாகத்தான் கேட்டேன். முகப்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "நீங்க டாக்டரா, கா?" என்றாள். இல்லை, சாஃப்ட்வேர். "அப்புறம் என்ன கா, கூகுள் பாத்துட்டு வராதீங்க." பக்கத்தில் அம்மா என் தொடையைக் கிள்ளினார். வெளியே வந்ததும் அர்ச்சனை: "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? அவங்க கோவிச்சிக்கிட்டா அடுத்த தடவ மருந்து யாரு குடுப்பா?"

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அம்மா தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா பால்மரம் வெட்டியவர். பால் கொட்டகையில் மெட்ரோலாக் என்று ஒரு மிதவைக் கருவி இருக்கும். அதைப் பாலுக்குள் விட்டு, காய்ந்த ரப்பர் எத்தனை பங்கு தேறும் என்று கிராணி ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணும் பாலின் எடையும் சேர்ந்துதான் அன்றைய கூலி. பாலில் தண்ணீர் கலந்தால் மிதவை காட்டிக்கொடுத்துவிடும் என்பது தாத்தாவுக்குத் தெரியும். ஆனால் அதிலிருக்கும் கோட்டை எப்படிப் படிப்பது என்று ஆயுளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. செக்ரோல் என்கிற கூலிப்பதிவில் பெயர் இருக்கவேண்டுமே! வீடு, வேலை, ஆஸ்பத்திரி, ஆயாக்கொட்டகை எல்லாமே ஒரே துரையின் கையில் இருந்த காலத்தில் வாயை மூடிக்கொண்டது புத்திசாலித்தனம்தான். தோட்டம் போய், தாமான் வந்து, பேரப்பிள்ளைகள் பட்டதாரிகளாகியும் அந்தக் கிராணி மட்டும் நம் தலைக்குள்ளிருந்து இறங்கமாட்டேன் என்கிறார்.

கேட்கத்தான் பயம். அனுப்பப் பயமில்லை. எங்கள் குடும்பப் புலனக் குழுவில் விடிந்தால் வெண்டைக்காய் ஊறிய தண்ணீர், பொழுது சாய்ந்தால் பாகற்காய்ச் சாறு. ஒரே வாரத்தில் இனிப்புநீர் ஓடிப்போகுமாம். பெருந்தொற்றுக் காலத்தில் 5ஜி கோபுரத்திலிருந்து கிருமி இறங்கிற்று. "இதை யார் சொன்னது, மாமா?" என்று ஒரு வரி போட்டால் குழுவே மூச்சுவிடாது. சற்றுப் பொறுத்துக் கைகூப்பும் பொம்மை வரும். பிறகு தனியாக எனக்கு: "நல்லது சொன்னா எடுத்துக்கம்மா. ஆராய்ச்சி பண்ணாத." அந்தத் தமிழை மாமா தட்டுவது முத்து நெடுமாறன் என்கிற மலேசியத் தமிழர் உருவாக்கிய செல்லினம் செயலியில். கணினித் திரையில் தமிழ் எழுத்து எப்படி வரும் என்று 1980களிலேயே அவர் ஆராய்ச்சி பண்ணியதால்தான் மாமாவால் என்னை ஆராய்ச்சி பண்ணாதே என்று தமிழில் அதட்ட முடிகிறது.

மாமாவை ஒட்டுக்கடையில் பார்த்தால் இன்னும் வயிறு எரியும். தே தாரிக், கூராங் மானிஸ். சர்க்கரை குறைவு என்று சொல்லிவிட்ட நிம்மதி முகத்தில். கட்டிப்பாலில் ஏகப்பட்ட சர்க்கரை, மாமா, அது டின்னிலேயே கலந்து வருகிறது என்றால், "நீ டீ குடிக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா?" இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் வரி போட்டிருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 காசு, 2024இல் 50, 2025இல் 90. ஆனால் அது போத்தலிலும் டின்னிலும் அடைத்து விற்பதற்கு. கடைக்காரர் ஆற்றித் தருகிற தே தாரிக்கை அந்த வரி தொடுவதில்லை. ஏன் தொடுவதில்லை, தொட்டால் என்னாகும் என்று பேச அந்த மேசையில் ஓர் ஆள் கிடையாது. பந்து விளையாட்டைப் பற்றி என்றால் விடிய விடியப் பேசுவார்கள்.

சர்க்கரையைப் பற்றி யாருமே கேட்காத ஊரா இது? இதே பினாங்கில்தான் எஸ்.எம். முகமது இத்ரிஸ் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், வியாபாரி. டாக்டரும் இல்லை, இஞ்சினியரும் இல்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை ஏறக்குறைய அரை நூற்றாண்டு தலைமை தாங்கி நடத்தினார். சோற்றில் என்ன மருந்து, மிட்டாயில் என்ன சாயம், காட்டை யார் வெட்டுகிறார்கள், இவ்வளவு சர்க்கரை எதற்கு என்று அந்தச் சங்கம் கேட்காத கேள்வியில்லை. அவர் தலைமையிலிருந்த சஹாபாட் ஆலாம் மலேசியாவுக்கு 1988இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2019 மே மாதம் 92 வயதில் காலமானார். ஆறே வாரத்தில் அந்தச் சர்க்கரை வரி நடப்புக்கு வந்தது. அவர் பேச்சை எடுத்தால் எங்கள் மாமாவும், "பெரிய மனுஷன் லா" என்று உருகுவார். அவர் கேட்டால் சமூக சேவை. நான் கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம்.

வீடுதான் இப்படி, வேலையிடம் எப்படி என்கிறீர்களா? அதற்குப் பினாங்குப் பாலம் தாண்டிப் போகவேண்டும். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர்ப் பாலம். காலையில் அதன்மேல் ஊர்ந்தபடி உலகத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸில் 1972இல் இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது. இன்று உலகத்துச் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. நான் இருப்பது வேறொரு கம்பெனி. மின்னழுத்தத்தை ஏற்றி, இறக்கி, சுடவைத்து, குளிரவைத்து, ஆயிரக்கணக்கான கேள்விகளைச் சில்லிடம் கேட்கிற நிரல்களை எழுதுவது என் பிழைப்பு. கேள்வியில் ஒன்று குறைந்தால் மானேஜர் துள்ளுவார்.

சில்லைத் தாண்டிக் கேட்டால் கதை வேறு. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக, முன்கூட்டியே அறிவித்து, சில நாள் தண்ணீரை நிறுத்தினார்கள். ஏறத்தாழ 5,90,000 இணைப்புகளுக்கு. வால்வு பழசானால் மாற்றத்தான் வேண்டும். மாநிலத்தின் தண்ணீரில் பெரும்பங்கு ஒரே ஆலை வழியாக, கெடாவோடு பங்கிட்டுக்கொள்கிற ஒரே சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறதே, இது சரியா என்று எனக்குள் ஒரே அரிப்பு. தாமான் குழுவில் கேட்டேன். "தண்ணி லாரி எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லு, தங்கச்சி." கம்பெனி கேண்டீனில், தண்ணீர் நின்றால் தொழிற்சாலைகள் எத்தனை நாள் தாங்கும் என்று சக ஊழியர்களோடு பேசிப் பார்த்தேன். ஒரு வரைபடம்கூடப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேர் ஆர்வமாகக் கேட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆண்டு இறுதி மதிப்பீட்டில் மானேஜர் எழுதியிருந்தது: வேலை நன்று, ஆனால் கவனம் பல திசைகளில் சிதறுகிறது. அதற்குக் கீழே பணியாளர் கருத்துக்கென்று ஒரு கட்டம். 200 எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை. ஏன் 200 என்று மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.