கோல்கீப்பரின் இரண்டாம் ஆட்டம்

ஆட்டக்காரர் ஓய்வு பெறலாம். அவர் கற்றது ஓய்வு பெறக் கூடாது.

ராணுவத்தில் சேர்ந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டில் முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடிய பீட்டர் தங்கராஜ் பின்னர் கோல்கீப்பரானார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் குழுக்களில் இடம்பெற்றார். 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். 1967இல் அர்ஜுனா விருது. ஆட்டம் முடிந்தபின் பொகாரோ உருக்காலை நகரம் அவரைப் பயிற்சியாளராக ஏற்றது.

தங்கவயலில் அப்படி ஏற்க இன்று சுரங்கம் இல்லை. 2001இல் சுரங்கம் மூடியபின், பெரியவர்கள் பிழைப்புக்காக தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். பிள்ளைகள் மட்டும் மாலையில் பந்து உதைக்கிறார்கள். சொல்லித்தரப் பழைய ஆட்டக்காரர்கள் ஊரிலேயே உண்டு. அவர்களுக்குத் திடலும் மாதச் சம்பளமும் வழங்க மாநில அரசு ஆவன செய்ய வேண்டும்.