ஒவ்வொரு கண்ணாய்ப் பார்த்தார்களா?

சித்திரைத் திருவிழாவின் எதிர்சேவையன்று மதுரைத் தல்லாகுளத்து ஜன சமுத்திரத்தில், தகப்பன் தோளில் உட்கார்ந்து அழகரைச் சேவிக்கும் குழந்தையிடம் "சாமி தெரியுதா?" என்று கேட்டால் "தெரியுது" என்கிறது, எந்தக் கண்ணுக்குத் தெரிகிறது என்று கேட்க நம்மில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

பார்வை என்பது பிறக்கும்போதே பூரணமாய் அமைந்துவிடுவதன்று. கண் அனுப்பும் பிம்பத்தை வாங்கி வாங்கிப் பழகியே மூளை பார்க்கக் கற்கிறது; அந்த அப்பியாசம் பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. மாறுகண்ணாலோ, ஒரு கண்ணில் மட்டும் பவர் மிகுந்திருப்பதாலோ, பிறவிப் புரையாலோ ஒரு பிம்பம் மங்கினால், மூளை அதைப் புறக்கணித்து மற்றதைக் கொண்டே காரியத்தை நடத்திக்கொள்கிறது. சோம்பேறிக் கண் என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். குழந்தை முறையிடாது, தெளிவு இன்னதென்று அறிந்தால்தானே முறையிடும்! போதாக்குறைக்கு, மாறுகண் அதிர்ஷ்டம் என்று பூரித்துப்போகும் பாட்டிமார் வேறு.

1976ஆம் ஆண்டு டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது முதல், புரை விழுந்த முதியவர்களைக் கிராமம் கிராமமாய்த் தேடிச் சென்று ஒளி கொடுத்த கீர்த்தி இவ்வூருக்கு உண்டு. ஆனால் புரையை எழுபது வயதிலும் அகற்றலாம். பருவம் தப்பிய சோம்பேறிக் கண்ணை மீட்பதோ துர்லபம். ஆகையால், பள்ளியில் நடக்கும் பரிசோதனை மட்டும் போதாது. 2013இல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கே வரவேண்டும். வரும்போது, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதித்தார்களா என்று பெற்றோர் கேட்பது அவசியம். விரல் இடுக்கில் எட்டிப் பார்ப்பதில் நம் பிள்ளைகள் சமர்த்தர்களாதலால், உள்ளங்கையால் முழுக்க மூடிப் பார்ப்பதே பரிசோதனை.

வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு கண்ணை மூடும்போது சும்மா இருக்கும் குழந்தை, மற்றதை மூடியதும் சிணுங்கிக் கையைத் தள்ளினால் தாமதிக்கக் கூடாது. புகைப்படத்தில் கருவிழியின் நடுவே வெண்ணிறமாய் மின்னினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அது கண்ணில் தோன்றும் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும்.

சிகிச்சை பெரும்பாலும் எளியதே: கண்ணாடி, தேவையானால் தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டி மூடுதல். குழந்தை அதைப் பிய்த்தெறியும், "நல்லா இருக்கிற கண்ணை ஏன் மூடுறே?" என்று அண்டை வீட்டார் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குரிய பதிலை அங்கன்வாடியிலேயே தாய்க்கு முன்கூட்டி எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.