மூன்றாவது சில்லின் விலை

சென்ற மாதம் ஒரு நாள் இரவு கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, எனது இளைய மகன் கைபேசியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். இத்தாலியின் பியாஜியோ கம்பனி தயாரிக்கும் எம்.பி.3 என்ற ஸ்கூட்டர் அதில் ஓடிக் கொண்டிருந்தது. முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒன்று. வளைவில் இரண்டு முன்சில்லுகளும் ஒன்றாகச் சரிகின்றன. நிறுத்தும் இடத்தில் ஓட்டுபவர் காலைத் தரையில் ஊன்றாமலே அமர்ந்திருக்கிறார்.

"வாப்பா, இது விழாத ஸ்கூட்டர். நம்மட கடைக்கு இப்படி ஒன்று இருந்தால் நல்லமே" என்றான்.

"விழாத" என்ற அந்தச் சொல் என்னைச் சும்மா விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் மகனின் கேள்வியை ஒரு வியாபாரக் கேள்வியாக எடுத்துப் பார்ப்போம். ஏனெனில் சிறு வியாபாரிகள் பலரும் இதே கேள்வியை வேறு உருவத்தில் கேட்டுக் கொண்டுதான் இருக்கிறார்கள். கடைக்கு ஸ்கூட்டர் எடுப்பதா, த்ரீவீலர் எடுப்பதா என்பதே அது.

குளவியும் தேனீயும்

எமது தெருக்களில் ஓடும் த்ரீவீலரும் ஆதியில் ஒரு ஸ்கூட்டர்தான் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இத்தாலி நொந்து போயிருந்த நேரத்தில், 1946 இல் பியாஜியோ கம்பனி வெஸ்பா ஸ்கூட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. லொறி வாங்க வசதியில்லாத சிறு வியாபாரிகளுக்காக 1948 இல் அதே ஸ்கூட்டரின் பின்னால் இரண்டு சில்லும் ஒரு பெட்டியும் பூட்டி ஆப்பே என்ற வண்டியை இறக்கியது. இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. குளவி ஆள் போக, தேனீ சுமை தூக்க. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. பின்னர் இந்தியாவின் பஜாஜ் கம்பனி பியாஜியோவின் அனுமதியுடன் ஸ்கூட்டரும் த்ரீவீலரும் செய்யத் தொடங்கியது. அந்த வழியில் வந்ததுதான் இன்று எமது வாசலில் நிற்கும் வண்டி.

ஆனால் ஆப்பேக்கும் எம்.பி.3 இற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எமது த்ரீவீலர் வளைவில் சரியாது. நிமிர்ந்தபடியே திரும்பும். வேகமாகத் திருப்பினால் ஒரு பக்கம் தூக்கிக் கவிழும். நமது நாட்டில் அதற்கு மணிக்கு 40 கிலோமீற்றர் என்று எல்லை வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. ஸ்கூட்டரோ ஆளோடு சேர்ந்து சரிந்து திரும்பும். ஆனால் மழையிலோ மணலிலோ முன்சில்லு வழுக்கினால் ஆளையும் கொண்டே விழும்.

2006 இல் வந்த எம்.பி.3 இந்த இரண்டையும் கலந்த வண்டி. ஸ்கூட்டர் போலச் சரியும். முன்னால் ஒன்றுக்கு இரண்டு டயர் தரையைப் பிடித்திருப்பதால் ஈரமான தெருவில் பிரேக் பிடிப்பது நல்லது. 2014 இல் யமஹா கம்பனியும் ட்ரைசிட்டி என்ற பெயரில் 125 சி.சி.யில் இதே மாதிரி ஒன்றை விட்டது.

விழவே விழாது என்பது மட்டும் உண்மையல்ல. பின்சில்லு ஒன்றுதான். அது வழுக்கினால் இதுவும் விழும். நிற்கும்போது முன்பகுதியைப் பூட்டாமல் விட்டால் இதுவும் சரியும்.

இந்த வசதிக்கு விலை என்ன? முன்னால் இரண்டு டயர், இரண்டு பிரேக், அவற்றைச் சரிக்கும் கம்பிகளும் மூட்டுகளும். எம்.பி.3 இன் எடை 200 கிலோவைத் தாண்டும். எமது தெருவில் ஓடும் 110 சி.சி. ஸ்கூட்டர் ஏறத்தாழ 105 கிலோ. எடை கூடினால் பெற்றோல் கூடும். பாகம் கூடினால் பழுது கூடும். இந்த ஸ்கூட்டருக்கு ஒரு மூட்டு உடைந்தால் எங்கள் ஊர் கராஜ் பாஸிடம் அதற்கு மருந்து இல்லை. இத்தனைக்குப் பிறகும் அது ஒரு ஸ்கூட்டர் ஏற்றும் சாமானுக்கு மேல் பெரிதாக ஏற்றப் போவதில்லை. அதன் மூன்றாவது சில்லு ஓட்டுபவரின் பாதுகாப்புக்காக வந்தது. ஆப்பேயின் மூன்றாவது சில்லு சுமைக்காக வந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து முதல் போடக்கூடாது.

ஒரே யோசனை, இரண்டு கம்பனி

சரியும் மூன்று சில்லு வண்டி பியாஜியோவின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே ஜோர்ஜ் வொலிஸ் என்ற ஆங்கிலேயர் இந்த யோசனைக்கு உரிமை பெற்றிருந்தார். இங்கிலாந்தின் பெரிய மோட்டார் சைக்கிள் கம்பனியான பி.எஸ்.ஏ. அதை எடுத்து 1970 இல் ஏரியல் 3 என்ற பெயரில் ஒரு சின்ன வண்டி செய்தது. வீட்டுப் பெண்கள் கடைக்குப் போய்வர இதைத்தான் வாங்குவார்கள் என்று எண்ணி ஏராளமாகச் செலவழித்தார்கள். சனம் வாங்கவில்லை. ஏற்கனவே நொந்திருந்த அந்தக் கம்பனிக்கு இது இன்னொரு அடி. அடுத்த சில ஆண்டுகளில் பி.எஸ்.ஏ. கையை விட்டுப் போயிற்று.

அதே வொலிஸின் யோசனைக்கு ஜப்பானின் ஹொண்டா கம்பனியும் அனுமதி பெற்றது. 1982 இல் ஜைரோ என்ற 50 சி.சி. வண்டியை விட்டார்கள். பின்னால் இரண்டு சில்லு, முன்பாகம் மட்டும் சரியும். 1990 இல் அதற்குக் கூரையும் முன்கண்ணாடியும் போட்டு இன்னொன்றை விட்டார்கள். ஜப்பானில் வீடு வீடாக பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பவர்களின் வண்டியாக அது நிலைத்துவிட்டது. மழையிலும் போகவேண்டும், அடிக்கடி நிறுத்தி இறங்க வேண்டும், பின்னால் ஒரு பெட்டி வேண்டும். அந்த வேலைக்கு அந்த வண்டி பொருந்தியது.

யோசனை ஒன்றுதான். ஒருவர் வண்டியைச் செய்துவிட்டு வாடிக்கையாளரைத் தேடினார். மற்றவருடைய வண்டிக்கு வேலை காத்திருந்தது. கடைக்கு வாகனம் எடுக்கும் நாங்களும் இதே இரண்டு வழியில் ஒன்றில்தான் போகிறோம். அயல் கடைக்காரர் எடுத்தார் என்பதற்காக எடுத்துவிட்டு, பிறகு அதற்கு வேலை தேடுபவர்கள் எங்களில் குறைவில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நடைக் கணக்கு

எனது கடை கண்டிப் பக்கத்தில் ஒரு மலைப்பாங்கான ஊரில் இருக்கிறது. அரிசி, சீனி, பருப்பு, எண்ணெய் முதலானவற்றைச் சுற்றியுள்ள சிறு கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கிறோம். 2013 இல் லீசிங்கில் ஒரு த்ரீவீலர் எடுத்தேன். பாதி நாட்கள் அது வாசலில் நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை. 2016 இல் அதை விற்றுவிட்டு ஒரு ஸ்கூட்டர் எடுத்தேன். மாதச் செலவு விழுந்ததைப் பார்த்து, நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக் கொண்டேன்.

எங்கள் ஏற்ற இறக்கத்தில் ஸ்கூட்டர் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஓடுகிறது. சாமான் ஏற்றிய த்ரீவீலர் 22 கிலோமீற்றர் ஓடுகிறது. இது எனது கொப்பிக் கணக்கு. உங்கள் ஊரில் சற்று மாறலாம். இதை மட்டும் பார்த்தால் ஸ்கூட்டர்தான் இலாபம். ஆனால் வியாபாரியின் கணக்கு கிலோமீற்றரில் முடிவதில்லை. அது நடையில்தான் முடியும்.

போக வர 10 கிலோமீற்றர் உள்ள ஒரு கடையை எடுத்துக் கொள்ளுங்கள். ஸ்கூட்டரில் ஒரு நடைக்குக் கால் லீற்றர் செலவாகும். த்ரீவீலரில் ஒரு நடைக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவு. சாமான் ஒரே ஸ்கூட்டர் நடையில் முடிந்தால் பெற்றோல் செலவு பாதி. இரண்டு நடை என்றால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். மூன்று நடை என்றால் ஸ்கூட்டர் முக்கால் லீற்றர் குடிக்கும். ஆளின் நேரமும் மூன்று மடங்கு போகும். அங்கே த்ரீவீலர்தான் இலாபம்.

இந்தக் கணக்கின் உண்மையை 2022 ஆம் ஆண்டு எல்லோருக்கும் காட்டியது. கியூ.ஆர். முறை வந்த ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், த்ரீவீலருக்கு 5 லீற்றர் என்று கொடுத்தார்கள். எனது கணக்குப்படி ஸ்கூட்டர் 160 கிலோமீற்றர் ஓடலாம். த்ரீவீலர் 110. மாத்திரை, மசாலா, கைபேசிப் பாகம் விற்றவர்கள் ஸ்கூட்டரில் தப்பினார்கள். அரிசி விற்றவனுக்கு அந்த 160 கிலோமீற்றரில் என்ன பிரயோசனம்? ஒரு வாரத்தில் 110 கிலோமீற்றர் ஓடினாலும் சாமானை ஏற்றிக் கொண்டு ஓடியது த்ரீவீலர்தான்.

கொப்பியில் எழுதாத செலவு

இனி அந்த "விழாத" என்ற சொல்லுக்கு வருகிறேன்.

2017 ஒக்டோபர் மாதம். பின்னேரம் மழை விட்டு விட்டுப் பெய்தது. மேட்டில் இருக்கும் ஒரு கடைக்கு இரண்டு மூட்டை அரிசியும் ஒரு கலன் எண்ணெயும் போக வேண்டும். எனது கடையில் வேலை செய்த பொடியன், "நானா, அரிசிய ஒரு நடையும் எண்ணெய இன்னொரு நடையும் கொண்டு போறேன்" என்றான். நேரம் போய்விட்டது, ஒரே நடையில் முடி என்று நான்தான் சொன்னேன். ஒரு மூட்டை காலடியில், ஒரு மூட்டை பின் ஆசனத்தில், அதற்குப் பின்னால் எண்ணெய்க் கலன். கயிறு கட்டிக் கொடுத்ததும் நான்தான்.

ஸ்கூட்டரில் பாரம் பின்சில்லுக்கும் பின்னால் போனால், முன்சில்லில் பாரம் குறைந்துவிடும். அது ஈரத்தில் தரையைப் பிடிக்காது. காலடியில் மூட்டை இருந்தால் காலை வெளியே வைக்க வேண்டிவரும். இன்று இதை எழுதும் எனக்கு அன்றும் இது தெரியும். மேட்டுக் கடைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளமும் ஒரு வளைவும் இருக்கிறது. அங்கே பிரேக் பிடித்ததும் முன்சில்லு வழுக்கியது. ஹெல்மட் போட்டிருந்ததால் தலை தப்பியது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரிச் செலவும் மூன்று மாதச் சம்பளமும் கொடுத்தேன். கொடுக்க வேண்டியதைத்தான் கொடுத்தேன். அதில் பெருமை ஒன்றுமில்லை. அந்தக் கை இன்றும் பாரம் தூக்காது. மூட்டை தூக்கியவன் இப்போது எனது கடையில் பில் எழுதுகிறான். "இரண்டு நடை போறேன் என்று சொன்னேனே நானா" என்று ஒரு நாளும் அவன் வாயால் வந்ததில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அன்று 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 117 ரூபா. நான் மிச்சம் பிடித்தது ஒரு நடை. அதாவது கால் லீற்றர். முப்பது ரூபாகூட இல்லை.

மகன் காட்டிய ஸ்கூட்டரில் அவன் போயிருந்தால் விழாமல் தப்பியிருக்கலாம். ஆனால் என்னைப் போன்ற ஒரு முதலாளி அதிலும் இன்னொரு மூட்டை கூட்டித்தான் கட்டியிருப்பான். பாதுகாப்புக்கு வந்த சில்லையும் சுமைக்கென்று எடுத்துக் கொள்வதுதான் எங்கள் புத்தி.

எடுப்பதற்கு முன்

அதன் பிறகு மீண்டும் த்ரீவீலர் எடுக்கப் போனேன். அந்த வருடம் மத்திய வங்கி புதிய த்ரீவீலருக்கான லீசிங் கடனை அதன் பெறுமதியில் 25 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தியிருந்தது. மிச்சம் 75 சதவீதத்தைக் கையிலிருந்து போட வேண்டும். ஆகவே பாவித்த வண்டி ஒன்றைக் கைக்காசுக்கு வாங்கினேன். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நின்றபோது அதன் விலை ஏறியது. அது எனது கெட்டித்தனம் அல்ல. 2025 இல் இறக்குமதி திறக்கப்பட்ட பின்னர், ஏறிய விலையை நம்பி வாகனம் எடுப்பது யாருக்கும் புத்தியல்ல. இன்று கடையில் இரண்டும் இருக்கின்றன. இரண்டு மூட்டைக்கு மேல் என்றால் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்க வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த விதி எனக்கும் சேர்த்துத்தான். மழை நாளில் ஒரு மூட்டைதான்.

வாகனம் எடுக்க யோசிக்கும் சகோதரர்கள் ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பியில் இவற்றை எழுதிப் பார்க்கட்டும். ஒரு நாளில் எத்தனை கடைக்கு எத்தனை கிலோ போகிறது? அதில் எத்தனை ஓர்டர் ஒரே ஸ்கூட்டர் நடையில் அடங்கும்? பாதிக்கு மேல் அடங்கினால் ஸ்கூட்டர் போதும். மிச்சத்துக்குக் கூலிக்கு ஒரு த்ரீவீலர் பிடியுங்கள். பாதிக்கு மேல் அடங்காவிட்டால் த்ரீவீலர் எடுங்கள். ஓட்டப் போகிறவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு வேறு, த்ரீவீலருக்கு வேறு. ஒன்றை வைத்துக் கொண்டு மற்றதை ஓட்டவிட்டால், விபத்து நடக்கும் நாளில் காப்புறுதி கைகொடுக்காது.

மகனுக்கும் இதைத்தான் சொன்னேன். அந்த ஸ்கூட்டர் நல்ல வண்டிதான். மழை பெய்யும் பெரிய நகரத்தில், கையில் காசுள்ள ஒருவர் கந்தோருக்குப் போய்வர உகந்தது. எங்கள் கடையின் வேலை அதற்கில்லை. அவன் கைபேசியை எடுத்துக் கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் காலையில் கடைக்கு வந்தபோது, பில் எழுதும் பொடியனிடம் அதே வீடியோவைக் காட்டிக் கொண்டிருந்தான். அவன் இடது கையால் கைபேசியை வாங்கிக் கடைசி வரைக்கும் பார்த்தான். "நல்ல வண்டி தம்பி. எவ்வளவு ஏத்தலாம்?" என்று மட்டும் கேட்டான்.