மூலப்பத்திரம் பத்திரமா?

மனை வாங்குபவர் முதலில் கேட்பது மூலப்பத்திரத்தை. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற தொடர்ச்சி அறுந்திருந்தால் வில்லங்கம்தான். சாஃப்ட்வேரும் அப்படியே. எந்த வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்பது தெரியாவிட்டால், பத்து வருடம் கழித்து அந்த வரியில் கை வைக்கவே பயப்படுவார்கள்.

இந்த வரலாற்றைப் பதிந்து வைக்கும் சாஃப்ட்வேர்களில் 2000இல் தொடங்கப்பட்ட சப்வெர்ஷன் ஒன்று. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் இன்னொன்று. இன்று பெரும்பாலோர் கிட் பக்கம். பழையதில் இருப்பதை வரலாற்றோடு புதியதில் பிரதி எடுக்கக் கருவிகள் உண்டு. கட்டளை ஒரு வரிதான். சிக்கல் கிளைகளில்.

நடப்பு வேலையிலிருந்து பிரித்துத் தனியே வளர்க்கப்படுவது கிளை. கிட்டுக்கு அது புரியும். சப்வெர்ஷனுக்கோ எல்லாமே ஃபோல்டர்தான். 'ட்ரங்க்' ஃபோல்டரில் நடப்பு வேலை, 'பிராஞ்சஸ்' ஃபோல்டரில் கிளைகள் என்பது மனிதர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். மீறினால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

மீறியவர்களில் கேடிஇ முக்கியமானது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்குத் திரை முகப்பு தயாரிக்கும் இந்தச் சர்வதேசக் குழு, 2005இல் சப்வெர்ஷனுக்கு வந்து 2009இல் பத்து லட்சமாவது மாற்றத்தைப் பதிவு செய்தது. அத்தனையும் ஒரே கிடங்கில். 'பிராஞ்சஸ்' ஃபோல்டருக்குள் 'கேடிஇ', அதற்குள் 4.0, 4.1 எனப் பதிப்பு எண்கள், அவற்றுக்குள் புரோகிராம்கள்.

வழக்கமான அமைப்பு என்று நம்பிக் கருவியை ஓட்டினால்? 'கேடிஇ' என்ற ஒரே கிளை கிடைக்கும். நிஜமான கிளைகள் அதற்குள் வெறும் ஃபோல்டர்களாகக் கிடக்கும். கருவி எந்தப் புகாரும் சொல்லாது. அதுதான் ஆபத்து.

எனவே எந்த ஃபோல்டர் எந்தக் கிளை என்பதை நாமே எழுதித் தர வேண்டும். கிட்டின் சொந்தக் கருவியில், அமைப்புக் கோப்பில் பாதையை எழுதி, பதிப்பு எண் வரும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டால் போதும். கேடிஇயினர் வேறொரு கருவிக்கு விதிகளை எழுதிக் கொடுத்து, முக்கியத் தொகுப்புகளை 2011இல் கிட்டுக்கு மாற்றினார்கள்.

இதையெல்லாம் பிரதியை வெளியிடும் முன்பே முடித்துவிட வேண்டும். கிட்டில் ஒரு மாற்றத்தின் அடையாள எண், எழுதியவர் பெயரையும் முந்தைய மாற்றத்தின் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. ஆரம்பத்தில் ஒரு பெயரைத் திருத்தினாலும் பின்னால் வரும் அத்தனை எண்களும் மாறிவிடும். ஏற்கெனவே பிரதி எடுத்தவர்கள் திண்டாடுவார்கள்.

உங்கள் அலுவலகத்திலும் பழைய கிடங்கு ஒன்று இருக்கலாம். அதன் ஃபோல்டர்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதை அறிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்கள் வேலை மாறிப் போவதற்குள் உட்காரவைத்துக் கேட்டுவிடுங்கள். கருவி அந்தக் கேள்வியைக் கேட்காது.