நால்வர் சுமந்த கட்டில்



2024-ஆம் ஆண்டு தவக்காலத்தில் எனக்கு மாரடைப்பு ஏற்பட்டதை உங்களிற் பலர் அறிவீர்கள். நலம் விசாரித்து வந்த கடிதங்களுக்குத் தனித்தனியே மறுமொழி எழுத இயலவில்லை. "எப்படித் தேறினீர்கள், சுவாமி?" என்று இன்றும் கேட்போர் உண்டு. அவர்களுக்காக இதனை எழுதுகிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட எங்கள் பங்கின் கிளைக்கிராமம் ஒன்றில் சிலுவைப்பாதையை முடித்துத் திரும்பும்போதே நெஞ்சில் ஓர் அழுத்தம். இடது தோளும் தாடையும் கனத்தன, வியர்வை கொட்டிற்று. மார்ச்சு மாத வெயிலில் கரிசற்காட்டைச் சுற்றி வந்தவனுக்கு வியர்வை புதிதா? வாயுத் தொல்லை என்று எண்ணி, இஞ்சிச்சாறும் சோடாவும் குடித்துவிட்டு மாடி அறையில் சாய்ந்தேன். உபதேசியார் விடவில்லை. "சாமி, எங்கப்பாவும் இப்படித்தான் வாயுன்னு சொல்லிப் படுத்தாரு" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் 108-க்குத் தொலைபேசி செய்தார்.

நடந்தே இறங்கி வருகிறேன் என்றேன். ஓர் அடியும் எடுத்து வைக்கலாகாது என்று தடுத்து, உபதேசியாரும் கோயிற்பிள்ளையும், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் சகோதரர் இருவருமாக நால்வர் என்னை நாற்காலியில் இருத்தித் தூக்கி இறக்கினர். வலியைக் காட்டிலும் வெட்கமே எனக்குப் பெரிதாயிருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டார்கள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் பயன் அது. பின்னர் மதுரையில் இரத்தக்குழாயின் அடைப்பை நீக்கி, 'ஸ்டென்ட்' எனப்படும் சிறு வலைச்சுருளை வைத்தனர். இதயத்தசையில் இறந்த பகுதி மீண்டும் முளைப்பதில்லை என்று மருத்துவர் விளக்கினார். சில வாரங்களில் அவ்விடம் தழும்பாக இறுகிவிடுமாம். எஞ்சிய தசை அதன் வேலையையும் சேர்த்துச் சுமக்குமாம்.

கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரனை நால்வர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கிய நிகழ்ச்சியை மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அதைப்பற்றி எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். எப்போதும் அந்த நால்வரின் விசுவாசத்தையே புகழ்ந்தேன். கட்டிலிற் கிடந்தவனுக்கு எப்படியிருந்திருக்கும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. பிறர் தோளில் தன்னை ஒப்படைப்பது எளிதன்று, அன்பர்களே. கொடுத்தே பழகிய குருக்களுக்கு இன்னும் கடினம்.

என் தங்கை தன் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து ஆறு வாரம் தங்கினாள். அன்புமிக்க தாய்மார்கள் கருவாட்டுக் குழம்பும் மோர்மிளகாயும் ஊறுகாயுமாகக் கொண்டுவர, அவள் வாசலிலேயே நின்று நன்றி கூறித் திருப்பியனுப்புவாள். உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, அம்மா" என்றார் ஒரு பாட்டி. "எங்கண்ணன் மண்ணுக்குள்ளே போகாம இருந்தாப் போதும், பாட்டி" என்றாள் தங்கை. எனக்குச் சிரிப்பு வந்தது. நோயுற்றபின் நான் முதன்முதல் சிரித்தது அன்றுதான்.

ஏனெனில் அந்நாட்களில் என் மனம் இருண்டிருந்தது. இரவில் கண்மூட அச்சம், பகலில் காரணமின்றிக் கோபம், சிலவேளை கண்ணீர். மாரடைப்புக்குப்பின் பலருக்கு இத்தகைய மனச்சோர்வு வருவதுண்டு. அதனை மருத்துவரிடம் சொல்லவேண்டும். நானோ அதை விசுவாசக் குறைவென்று எண்ணி மறைத்தேன். தங்கைதான் கண்டுபிடித்து மருத்துவரிடம் சொன்னாள். உபதேசியார் நாள்தோறும் மாலையில் வந்து என்னை நடக்க அழைத்தார். முதல் வாரம் ஆலய வாசல்வரை; ஆறாம் வாரம் கண்மாய்க்கரைவரை. "படுத்தே இருங்கள்" என்று சொன்னவர்கள் பலர். எழுப்பி நடத்தியவர் அவர் ஒருவரே.

முழு ஓய்வு கூடாதென்று வாதிட நான் அன்னை தெரேசாவைத் துணைக்கழைத்ததுண்டு. 1983-இல் உரோமையில் அவருக்கு மாரடைப்பு வந்தது. 1989-இல் மீண்டும் வர, இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. 1990-இல் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக விரும்பியும், சகோதரிகள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 1997 வரை வாழ்ந்தார். அவருடைய உழைப்பை மட்டும் எடுத்துக்காட்டும் நாம், மருத்துவர் கையில் அவர் தம்மை விட்டுக்கொடுத்ததையும், சகோதரிகள் அவரைத் தாங்கியதையும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

இனி, சொல்லத் தயங்கிய ஒன்று. எங்கள் பங்கிற் கரிமூட்டத் தொழிலாளி ஒருவர் இருந்தார், என்னிலும் இளையவர். 2022-இல் அவருக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. நிறுத்தினால் அந்த வலைச்சுருளிலேயே இரத்தம் உறைந்து அடைத்துவிடக்கூடும். எட்டாம் மாதம், உடம்பு தேறிவிட்டதென்று அவர் நிறுத்திவிட்டார். மனைவிக்குத் தெரியும், நோயை நினைவூட்டி அவர் மனத்தை நோகச் செய்யலாகாதென்று வாய்திறக்கவில்லை. அவருடைய தாய் படுக்கையில் இருப்பவர். முதல் வெள்ளிதோறும் அவருக்கு நற்கருணை கொண்டு அவ்வீட்டுக்குச் செல்வேன். மழையைப்பற்றிக் கேட்டேன், பிள்ளைகளின் படிப்பைப்பற்றிக் கேட்டேன், மாத்திரையைப்பற்றி ஒருமுறையேனும் கேட்டதில்லை. சில வாரங்களில் அவரை அடக்கம் செய்தேன்.

இப்போது எந்த வீட்டிலும் கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல்தான், சாமிக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சென்ற முதல் வெள்ளியன்று அந்தத் தாயிடம் போயிருந்தேன். இரத்த அழுத்தத்துக்காக, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவருக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. நற்கருணைக்காக விரித்த வெள்ளைத் துணியின்மேல், சிலுவைக்கும் மெழுகுதிரிக்கும் அருகே, மாத்திரை டப்பாவையும் வைத்திருந்தார். நான் கேட்குமுன்னே திறந்து காட்டினார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, "உங்க மாத்திரை எங்க, சாமி?" என்றார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தபின்தான் செபத்துக்குக் கை குவித்தார்.