ஸ்டூல் வந்துவிட்டது, உட்காரலாமா?

ஒருவர் வேலையை விடுவதாகப் பேப்பர் போட்டுவிட்டால் நிர்வாகம் முதலில் கேட்பது, ‘வெளியில் எவ்வளவு தருகிறார்கள்?’ என்றுதான். வேலைப்பளு பற்றிய பொது விவாதமும் இப்படி ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கிறது. 2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 என்றார். நாடே ஏலக்கடை ஆனது. மணிக்கணக்கு அற்ப விஷயமல்ல. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம், இதய நோய் அபாயம் கூடுவதாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் எச்சரித்தன. ஆனாலும் ஒரே அளவு வேலையை ஒருவர் தாங்கிக்கொள்வதும், இன்னொருவர் எப்போது விலகலாம் என்று நாள் பார்ப்பதும் மணிக்கணக்கால் மட்டும் விளங்குவதில்லை. தன் வேலையில் தன் சொல்லுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

1979இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர், அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களைப் பற்றிய தரவுகளிலிருந்து இதைத்தான் காட்டினார். வேலை நெருக்குவதும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை இல்லாததும் சேரும் இடத்தில்தான் மன அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த வைட்ஹால் ஆய்வும், வேலையில் பிடி குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்றது. பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்ற நம் நம்பிக்கைக்கு இது நேர் எதிர். வேலையில் பிடி இல்லாத நிலையை நம் ஊர் ஜவுளிக்கடையிலேயே பார்க்கலாம். நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்காகக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, இருக்கையைக் கட்டாயமாக்கின. நல்ல சட்டம். ஆனால், ஸ்டூல் வந்த கடையிலும் எப்போது உட்காரலாம் என்பதைச் சூப்பர்வைசரின் பார்வையே தீர்மானிக்கிறது என்றால் என்ன பயன்? கூட்டமில்லாத மதியத்தில், மடித்து வைத்த புடவையைப் பிரித்து மறுபடி மடிப்பதே விற்பனைப் பெண்ணுக்குப் பாதுகாப்பு; உட்கார்ந்தால் சும்மா இருப்பதாகக் கணக்காகிவிடும். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவும் இங்கேதான் இடறியது. தொழிலாளர் விரும்பினால் மட்டுமே என்று அரசு விளக்கியது. ‘விருப்பமில்லை’ என்று எந்தத் தொழிலாளியால் முதலாளியிடம் சொல்ல முடியும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. மசோதா திரும்பப் பெறப்பட்டது.

‘எல்லாம் சம்பளம்தானே?’ என்பவர்களுக்கு ஃபோர்டு கார் ஆலை வலுவான சாட்சி. அசெம்பிளி லைன் வந்த 1913இல் அங்கே ஆள்மாற்றம் ஆண்டுக்கு 370 சதவீதம். ஓர் இடத்தை நிரப்ப மூன்று, நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் தினக்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் என்றார்கள். வெளியேற்றம் சரசரவெனக் குறைந்தது. பணம் வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. பற்றாக்கூலி வாங்குபவரிடம் சுதந்திரம் பேசுவது அபத்தம். ஆனால், அதே அறிவிப்பில் வேலை நேரமும் 9 மணி நேரத்திலிருந்து 8 ஆனது என்பதை மறந்துவிடுகிறோம். தவிர, சம்பளம் ஆளை நிறுத்திவைக்குமே ஒழிய வேலையைப் பிடித்ததாக ஆக்கிவிடாது. வேறு கதவு திறந்ததும் கிளம்பிவிடுவார்கள். 2022இல் ஐடி நிறுவனங்கள் கண்டது அதைத்தான். இன்ஃபோசிஸிலேயே அந்த ஆண்டு ஜூன் காலாண்டில் விலகியோர் விகிதம் 28.4 சதவீதத்தைத் தொட்டது. மூன்று மாத நோட்டீஸ் பீரியடால் அவர்களைத் தாமதப்படுத்தத்தான் முடிந்தது. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை’ என்ற புலம்பலுக்கு, 1913இல் ஃபோர்டைவிட்டு ஓடியவர்கள் எந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று கேட்டால் போதும்.

சிறு முதலாளிகளின் கவலை நியாயமானது: வாடகை, வட்டி, ஜிஎஸ்டிக்கு நடுவில் ஊழியரின் விருப்பத்தைக் கேட்க எங்கே நேரம்? கேட்பதற்கு அதிகச் செலவில்லை. ஷிஃப்ட் பட்டியலை முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் போடாமல் ஒரு வாரம் முன்பே ஒட்டலாம். ஊழியர்கள் தங்களுக்குள் ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ள விடலாம். டார்கெட்டை நிர்ணயிக்கும் முன் அதை ஓடி முடிக்க வேண்டியவரை ஒரு வார்த்தை கேட்கலாம். இவற்றில் முதலாவதையாவது கடைகள் சட்டத்தின் விதியாகவே தமிழக அரசு சேர்க்க வேண்டும்.