கடைசி நிலை வேறு, சரியான நிலை வேறு

"லினக்ஸில் ஒலிவாங்கியின் அமைப்பு நிலைப்பதில்லை, வேறு இயங்குதளத்துக்கு மாறிவிடுங்கள்." ஒலியியல் மாணவர்க்குத் தரப்படும் இவ்வறிவுரை திருவனந்தபுரத்தில் ஒலிப்பது நகைமுரண். பூஜப்புரையில் இயங்கும் கைட் நிறுவனம், உபுண்டு வழிவந்த லினக்ஸைக் கேரளப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றிருக்கிறது. அப்பள்ளிகளிலிருந்து மொழியியல் பயில வருவோருக்கு இயங்குதளம் புதிதன்று. பதிவின் அளவும் ஆய்வுமுறையின் பகுதி என்னும் எண்ணமே புதிது.

லினக்ஸ் மறப்பதில்லை. கணினி அணையும்போது அல்சா தன் ஒலியளவுகளைக் கோப்பில் எழுதிவைத்து, மீண்டும் தொடங்கும்போது மீட்கிறது. அதன் மேலடுக்கான பல்ஸ்ஆடியோவும், அதன் இடத்துக்கு வந்துள்ள பைப்வயரும், எந்தக் கருவி முதன்மையானது, அதன் அளவு என்ன என்பவற்றைப் பயனரின் கோப்புறையில் சேமிக்கின்றன. ஆனால் சேமிக்கப்படுவது கடைசி நிலை. ஆய்வாளர் தீர்மானித்த நிலை அன்று. காணொளிக் கூட்டச் செயலிகள் சில, பேசுவோரின் குரலுக்கேற்ப ஒலிவாங்கியின் அளவைத் தாமே மாற்றுகின்றன. மாறிய அளவே பிறகு பத்திரமாக நினைவில் நிற்கிறது. ஒலியட்டையின் எண்ணும் அது கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்தது: நேற்று 1 ஆக இருந்த யுஎஸ்பி ஒலிவாங்கி இன்று 2 ஆகலாம்.

இது தொழில்நுட்பப் பணியாளரின் வேலை என்று ஒதுக்குவோர் உளர். அளவு 6 டெசிபல் கூடினால் அலைவீச்சு ஏறத்தாழ இருமடங்காகும். அசைகளின் செறிவை ஒப்பிடும் ஆய்வேட்டில் முதல்நாள் பதிவும் மூன்றாம்நாள் பதிவும் வெவ்வேறு அளவில் இருந்தால், அட்டவணை காட்டுவது பேச்சின் வேறுபாட்டையா, கருவியின் வேறுபாட்டையா? அளவு மிகுந்து அலையின் உச்சி வெட்டுண்டால், இழந்த வடிவத்தை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்காது. அகத்தியமலைக் காணிக்காரரின் பேச்சைப் பதியச் செல்பவருக்கு, அதே முதியவர் அதே கதையை மறுமுறை சொல்வார் என்ற உறுதி ஏது?

செய்யவேண்டியது சிறிது. ஒலியட்டையை எண்ணால் அன்றிப் பெயரால் குறிக்க வேண்டும். களப்பணிக்கு முன்பே அளவைத் தீர்மானித்து, அல்சாவிலும் மேலடுக்கிலும் அதை நிறுவும் கட்டளைகளை ஒரே கோப்பில் எழுதி, ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் இயக்க வேண்டும். பதிவு முடியும்வரை கூட்டச் செயலிகளைத் திறக்கலாகாது. அக்கோப்பு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெற வேண்டும். தகவலாளியின் வயதும் ஊரும் குறிக்கப்படாத ஆய்வேட்டைத் திருப்பியனுப்பும் துறைகள், பதிவின் அளவு குறிக்கப்படாத ஆய்வேட்டை மட்டும் ஏற்பது எந்த நெறி?